பரங்கித் தோட்டத்தில் ஒரு முடிச்சு

நேற்று ராத்திரி பத்தரை இருக்கும். அண்ணன் மகளுக்குக் கதை படித்துக்கொண்டிருந்தேன். அம்மா பக்கத்துக் கட்டிலில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்து ஒரு மணி நேரம் ஆகியிருந்தது, தூங்கிவிட்டார் என்றுதான் நினைத்தேன். ஒரு பையன் வேலியில் கட்டியிருந்த கயிற்று முடிச்சோடு போராடுகிற இடம். எனக்குத் தொண்டை கட்டிக்கொண்டது, தண்ணீர் குடிக்க நிறுத்தினேன். "அவிழ்ந்துச்சா இல்லையா, சொல்லிட்டுக் குடியேன்" என்று சுவர்ப்பக்கமிருந்து குரல் வந்தது.

அந்தக் குரலுக்காகத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

படித்துக்கொண்டிருந்தது ஹாரி பாட்டர் வரிசையின் மூன்றாவது புத்தகம், 1999-ல் வந்தது, அஸ்கபான் சிறையிலிருந்து தப்பிய கைதியின் கதை. அதில் 21-வது அத்தியாயம். இதுவரை படிக்காதவர்கள், இனிமேல் படிக்கலாம் என்று வைத்திருப்பவர்கள் இத்தோடு நிறுத்திக்கொண்டு புத்தகத்தை முடித்துவிட்டு வாருங்கள், ஏனென்றால் முழுக்கதையையும் சொல்லித்தான் பேசப்போகிறேன்.

நான் இதை முதலில் படித்தது பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது, கோபாலபுரம் ஈஸ்வரி லெண்டிங் லைப்ரரியில் எடுத்த, முனை மடங்கிய, யாரோ காபி சிந்திய பிரதியில். ஒரே மூச்சில் முடித்தேன். அப்போது எனக்குப் பெரிதாகத் தெரிந்தது ஏரிக்கரைக் காட்சிதான், வெள்ளியாக ஒளிவிடும் மான் தண்ணீர்மேல் பாய்ந்து வருமே, அது. ஹாரி பாட்டர் படித்த யாரைக் கேட்டாலும் அதைத்தான் சொல்வார்கள். இப்போது இருபது வருடம் கழித்து, ஒரு ஒன்பது வயதுப் பெண்ணுக்கு வரிவரியாகத் தமிழில் சொல்லிக்கொண்டு வரும்போது, இந்த அத்தியாயத்தின் உயிர் ஏரிக்கரையில் இல்லை, மந்திரப் பள்ளியின் வனக்காவலர் ஹாக்ரிட் வீட்டுப் பின்பக்கம் பரங்கிக்காய் போட்டிருக்கிற அந்தத் தோட்டத்தில்தான் இருக்கிறது என்று எனக்கு நிச்சயமாகத் தோன்றுகிறது.

தமிழில் சொல்லிக்கொண்டு வருவதைப் பற்றி ஒரு வார்த்தை. அவள் இங்கிலீஷ் மீடியம்தான், படிக்கத் தெரியும், ஆனால் ராத்திரிக் கதை தமிழில்தான் வேண்டும். அதனால் கண்ணால் இங்கிலீஷில் படித்து வாயால் தமிழில் சொல்கிறேன். ஒரு பக்கத்துக்குப் பத்து நிமிஷம் ஆகிறது. ஆனால் அந்த வேகத்தில் போனால்தான் எந்த வாக்கியம் எங்கே எதற்காக வைக்கப்பட்டிருக்கிறது என்று தெரிகிறது. வேகமாகப் படிக்கும்போது கால் படாமல் தாண்டிப் போன இடமெல்லாம் இப்போது காலில் இடறுகிறது.

ஹிப்போகிரிஃப் என்றால் என்ன என்று முன்பே ஒருநாள் விளக்கவேண்டி வந்தது. முன்பாதி கழுகு, பின்பாதி குதிரை என்றேன். "யாளி மாதிரியா?" என்றாள். கோயில் தூணில் சிங்க உடம்பும் தும்பிக்கையுமாக நிற்கும் யாளியைக் காட்டியிருக்கிறேன், அதை ஞாபகம் வைத்திருக்கிறாள். அன்றிலிருந்து பக்பீக் என்கிற அந்த ஹிப்போகிரிஃப் எங்கள் வீட்டில் யாளிக்குச் சொந்தக்காரன். பெருமை பிடித்த பிராணி. எதிரே போய் நின்று, கண் சிமிட்டாமல் பார்த்து, குனிந்து வணங்கவேண்டும், அது திருப்பி வணங்கினால்தான் கிட்டே போகலாம். மரியாதை தெரியாத ஒரு பையன் வாய்க்கு வந்தபடி பேசியதும் அவன் கையைக் கீறிவிட்டது. அவன் அப்பா பெரிய இடம். விசாரணை, மேல்முறையீடு எல்லாம் நடந்து கடைசியில் தலையை வெட்டச் சொல்லித் தீர்ப்பு. அவளுக்கு இந்த அநியாயம் நாலைந்து நாளாகவே ஆறவில்லை.

16-வது அத்தியாயத்தில் அந்தத் தீர்ப்பு நிறைவேறிவிட்டது என்று நாம் நம்பிவிடுகிறோம். ஹாரி, ரான், ஹெர்மயனி மூன்று பேரும் ஹாக்ரிட் வீட்டிலிருந்து கோட்டையை நோக்கித் திரும்பி நடக்கும்போது, பின்னால் பேச்சுக் குரல்கள், பிறகு கோடாலி வீசுகிற ஓசை, "தொப்" என்று ஒரு சத்தம், அடுத்த அத்தியாயம் தொடங்கியதும் ஹாக்ரிட்டின் ஓலம். அவ்வளவுதான். யாரும் நடந்ததைக் கண்ணால் பார்க்கவில்லை. அன்று ராத்திரி இவள் சாப்பிட்ட தட்டைக்கூட எடுத்துப் போடாமல் போய்ப் படுத்துக்கொண்டாள்.

அப்புறம் ஐந்து அத்தியாயம் கழித்து, நள்ளிரவுக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது, பள்ளித் தலைமையாசிரியர் டம்பிள்டோர் மருத்துவ அறைக்கு வந்து ஹாரியிடமும் ஹெர்மயனியிடமும் சொல்கிறார்: மூன்று சுற்று போதும், யார் கண்ணிலும் படக்கூடாது, சரியாகச் செய்தால் இன்றைக்கு ஒன்றுக்கு மேற்பட்ட உயிரைக் காப்பாற்றலாம். ஹெர்மயனி கழுத்திலிருந்து ஒரு சங்கிலியை எடுக்கிறாள், அதில் சின்னதாக ஒரு மணற்கடிகாரம். சங்கிலியை இரண்டு பேர் கழுத்தையும் சுற்றிப் போட்டு மூன்று முறை திருப்ப, காலம் மூன்று மணி நேரம் பின்னால் போகிறது.

இவள் எழுந்து உட்கார்ந்துவிட்டாள். "பக்பீக்கை வெட்டறதுக்கு முன்னாடி!"

ஆமாம், வெட்டுவதற்கு முன்னால்தான். காட்டோரமாகப் பதுங்கிப் பதுங்கி வந்து ஒரு மரத்துக்குப் பின்னால் நிற்கிறார்கள். பக்பீக் வேலியில் கட்டிக் கிடக்கிறது, சுற்றிலும் பரங்கிக்காய்கள். யாரும் இல்லை. இறங்கிப் போய்க் கயிற்றை அவிழ்த்தால் முடிந்தது கதை. ஹாரியும் அதைத்தான் சொல்கிறான். ஹெர்மயனி வேண்டாம் என்கிறாள். இப்போதே அவிழ்த்துவிட்டால், வருகிற அதிகாரிகள் ஹாக்ரிட்தான் அவிழ்த்துவிட்டார் என்று சொல்லிவிடுவார்கள். பக்பீக் கட்டியிருப்பதை அவர்கள் கண்ணால் பார்க்கவேண்டும், பார்த்தபிறகுதான் கைவைக்கலாம். அப்படியானால் அவகாசம் எவ்வளவு? அவர்கள் ஜன்னல் வழியாக ஒரு பார்வை பார்த்துவிட்டு வெட்ட வெளியே வருவதற்குள் இருக்கும் அந்தக் கொஞ்ச நேரம்தான், ஒரு நிமிஷமோ இரண்டு நிமிஷமோ.

அதனால் காத்திருக்கிறார்கள். வெளிச்சம் குறைந்துகொண்டே வருகிறது, இவர்கள் மரத்தின் பின்னால் நிற்கிறார்கள், ஒன்றுமே செய்யவில்லை. மூன்று மணி நேரத்துக்கு முந்தைய இவர்களே வந்து ஹாக்ரிட் வீட்டுக்குள் போவது காதில் விழுகிறது. உள்ளே போய், ஹாரியின் அப்பா அம்மாவைக் காட்டிக்கொடுத்துவிட்டு எலி உருவத்தில் ஒளிந்திருக்கிற அந்தத் துரோகியைப் பிடித்துவிடலாமே என்று ஹாரி துடிக்கிறான், ஹெர்மயனி கூடாது என்று தடுக்கிறாள்.

"ஏன் அத்தை இவங்க இப்படி நிக்கறாங்க!" என்று இவள் தலையணையைக் குத்தினாள். நான் காரணத்தை இன்னொரு தடவை சொன்னேன். "தெரியும், தெரியும், புரிஞ்சுது. ஆனாலும்!" என்றாள். அந்த "ஆனாலும்" தான் இந்த அத்தியாயம். காரணம் முழுக்கப் புரிந்திருக்கிறது, காரணம் சரி, இருந்தும் உடம்பு கேட்கமாட்டேன் என்கிறது. ஒரு எழுத்தாளர் மந்திரம், பறக்கும் துடைப்பம், ஓநாய் மனிதன் எல்லாவற்றையும் கையில் வைத்துக்கொண்டு, நம்மைத் துடிக்க வைப்பதற்கு எடுத்துக்கொண்டது ஒரு மரத்தின் பின்னால் சும்மா நிற்பதை. எனக்கு இது பெரிய காரியமாகத் தோன்றுகிறது.

அப்புறம் அந்த முடிச்சு.

அதிகாரிகள் முன்பக்கமாக உள்ளே வந்து, ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, தண்டனைக் காகிதத்தை உரக்கப் படிக்க ஆரம்பிக்கிறார்கள். ஹாரி வேலியைத் தாண்டிக் குதித்துப் போய் முதலில் வணங்குகிறான். பாருங்கள், உயிர் போகிற அவசரத்திலும் முதலில் வணங்கித்தான் ஆகவேண்டும், கண் சிமிட்டாமல் நின்று, அது முட்டி மடக்கி எழுந்திருக்கும்வரை. பிறகு முடிச்சில் கைவைக்கிறான். விரல் தடுமாறுகிறது. உள்ளே படித்துக்கொண்டிருக்கிறார்கள். முடிச்சு அவிழ்கிறது.

பக்பீக் நகரவில்லை.

கயிற்றைப் பிடித்து இழுக்கிறான், அது முன்காலை ஊன்றிக்கொண்டு நிற்கிறது. தன் உடம்பின் முழு எடையையும் கயிற்றில் போட்டு இழுக்கிறான். மரத்தின் பின்னாலிருந்து ஹெர்மயனி முகத்தை நீட்டி "சீக்கிரம்" என்கிறாள். அந்தப் பிராணிக்கு ஒன்றும் தெரியாது. கோடாலி தெரியாது, காகிதம் தெரியாது, இந்தப் பையன் தன்னைக் காப்பாற்றத்தான் இழுக்கிறான் என்பதும் தெரியாது. அதற்குத் தெரிந்ததெல்லாம் யாரோ கழுத்தை இழுக்கிறார்கள், தனக்கு இஷ்டமில்லை.

"இழுத்தா வராது" என்றார் அம்மா. இப்போது இந்தப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். "மாடும் அப்படித்தான். இழுக்க இழுக்கப் பின்னாலதான் போகும்."

அம்மா வந்தவாசிப் பக்கம். கல்யாணம் ஆகி மெட்ராஸ் வரும்வரை மாட்டோடுதான் வளர்ந்தவர். ஹிப்போகிரிஃப் என்ற பெயரை அவரால் இன்றுவரை சொல்ல வராது, ஆனால் அந்தத் தோட்டத்தில் நடப்பது எங்கள் இரண்டு பேரைவிட அவருக்குத்தான் நன்றாகத் தெரிந்தது.

இந்த இடத்தில் நான் மிகவும் ரசித்த ஒன்று உண்டு, முதல் வாசிப்பில் கவனிக்கவே இல்லை. வெட்டுகிற ஆள் கிளம்பி வாசலுக்கு வரப்போகிறான். அப்போது உள்ளேயிருந்து டம்பிள்டோரின் குரல்: ஒரு நிமிஷம், நீங்களும் கையெழுத்துப் போடவேண்டும். அவ்வளவுதான். மந்திரக்கோலை எடுக்கவில்லை, வாதாடவில்லை. அந்த உலகத்தின் மிகப்பெரிய மந்திரவாதி ஒரு கையெழுத்தைக் கேட்டு அரை நிமிஷம் வாங்கித் தருகிறார். அந்த அரை நிமிஷத்தில்தான் பக்பீக் ஒரு அடி, இரண்டடி, பிறகு வேகமாக நடந்து மரங்களுக்குள் போகிறது. நான் ஆபீசில் நாள் முழுக்கக் கையெழுத்து வாங்குகிற வேலையில் இருப்பவள். ஒரு கையெழுத்துக்காக ஜனங்கள் எத்தனை நாள் அலைகிறார்கள் என்று எனக்குத் தெரியும். அதே கையெழுத்து ஒரு உயிர் தப்புவதற்கு அரை நிமிஷம் ஆனதைப் படித்தபோது கண் கலங்கிவிட்டது.

அதிகாரிகள் வெளியே வருகிறார்கள். வேலியில் ஒன்றும் இல்லை. இங்கேதானே இருந்தது, பார்த்தேனே என்று கத்தல். அப்போது கோடாலி வீசுகிற ஓசை. "தொப்." வெட்ட வந்தவன் ஆத்திரத்தில் வேலியில் போட்ட போடு. அப்புறம் ஹாக்ரிட்டின் ஓலம், இந்தத் தடவை வார்த்தையோடு கேட்கிறது, போயிடுச்சு, என் கண்ணு, தானே இழுத்துக்கிட்டுத் தப்பிச்சுப் போயிடுச்சு என்று சந்தோஷத்தில் அழுகிற அழுகை.

இவள் என் கையிலிருந்து புத்தகத்தைப் பிடுங்கினாள். நிஜமாகவே பிடுங்கினாள். பின்னால் பின்னால் திருப்பி 16-வது அத்தியாயத்தின் கடைசிப் பக்கத்தையும் அடுத்ததின் முதல் பக்கத்தையும் கண்டுபிடித்து விரலை வைத்துப் படித்தாள். குரல்கள், வீச்சு, தொப், ஓலம். எல்லாம் அப்படியே இருக்கிறது, அதே வரிசையில். "அதே சத்தம்தான் அத்தை. நாமதான் தப்பா நெனச்சுட்டோம்." இன்னும் கொஞ்சம் முன்னால் போகச் சொன்னேன். மூன்று பேரும் கிளம்புவதற்கு முன், முன்கூடத்தில் யாரோ இரண்டு பேர் அவசரமாக ஓடி ஒரு கதவு சாத்துகிற சத்தம் வருமே, அதைக் காட்டினேன். அது யார்? காலத்தில் திரும்பி வந்து அலமாரிக்குள் ஒளிந்துகொண்ட ஹாரியும் ஹெர்மயனியும். ஐந்து அத்தியாயத்துக்கு முன்பே காப்பாற்றுகிறவர்கள் வந்துவிட்டார்கள், நம் காதில் விழவும் செய்தது. அவள் வாயைத் திறந்தபடி என்னைப் பார்த்த பார்வைக்காக இன்னும் பத்துப் புத்தகம் தொண்டை கட்டப் படிக்கலாம்.

இதனால்தான் கால யந்திரக் கதைகளில் வருகிற வழக்கமான கேள்வி, அப்படியானால் மற்ற புத்தகங்களில் ஏன் அதைப் பயன்படுத்தவில்லை என்ற சண்டை, எனக்கு ஒட்டவில்லை. இந்தப் புத்தகத்தில் அந்த மணற்கடிகாரம் நடந்ததை மாற்றவே இல்லை. பக்பீக் ஒருபோதும் சாகவில்லை. நாம் செத்துவிட்டது என்று நினைத்த நேரத்தில்கூட அது மரங்களுக்குள் உயிரோடுதான் நின்றுகொண்டிருந்தது.

2004-ல் வந்த படத்தையும் அவள் பார்த்திருக்கிறாள். அதில் செத்த கீரி மாதிரி ஏதோ ஒன்றைக் காட்டி ஆசைகாட்டிக் கூட்டிப் போவார்கள், ஹெர்மயனி கல்லெறிந்து எச்சரிப்பாள், விறுவிறுப்பாகத்தான் இருக்கும். இருந்தாலும் கயிற்றைப் பிடித்துத் தனியாக இழுக்கிற பையனின் அந்த அரை நிமிஷம் புத்தகத்தில்தான் முழுசாக இருக்கிறது.

படித்து முடித்து விளக்கை அணைக்கப் போனேன். அம்மா பேச ஆரம்பித்தார்.

நாங்கள் இருப்பது ஜாபர்கான்பேட்டையில், முதல் மாடி. மூன்று தெரு தள்ளி அடையாறு. 2015 டிசம்பர் 1-ம் தேதி காலையிலிருந்து விடாமல் பெய்தது. அந்த ஒரு நாளில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர். செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து திறந்துவிட்ட தண்ணீர் விநாடிக்கு 29,000 கன அடி வரை போனது. இதெல்லாம் பிறகு தெரிந்துகொண்ட கணக்கு. அன்று ராத்திரி எங்களுக்குத் தெரிந்தது, கரண்ட் இல்லை, போன் இல்லை, ஒரு மணிவாக்கில் தெருவில் சலசலவென்று ஒரு சத்தம், மழைச் சத்தம் இல்லை அது. டார்ச் அடித்துப் பார்த்தால் தெரு ஓடிக்கொண்டிருந்தது.

எங்கள் பின்பக்கம் ஒரு பெரியம்மா மாடு வைத்திருந்தார். சொந்தமில்லை, பால் வாங்குகிற பழக்கத்தில் பெரியம்மா. இரண்டு மாடு, ஒரு கன்று. ஆஸ்பெஸ்டாஸ் போட்ட கொட்டகை, எங்கள் மாடிப்படி ஜன்னலிலிருந்து பார்த்தால் தெரியும். செவலை வாசல் பக்கம், கருப்பி உள்ளே, கடைசியில். அண்ணன் இடுப்பளவு தண்ணீரில் இறங்கிப் போனான். நானும் அம்மாவும் படிக்கட்டில் நின்று டார்ச் அடித்தோம்.

முடிச்சு தண்ணீருக்கு அடியில் இருந்தது. கண்ணால் பார்க்க முடியாது, விரலால் தடவித்தான் கண்டுபிடிக்கவேண்டும். மாடு மிரண்டு இழுக்க இழுக்க முடிச்சு இறுகிக்கொண்டே போனது. பெரியம்மா கழுத்துவரை தண்ணீரில் குனிந்து, முகத்தை ஒரு பக்கமாகத் திருப்பி மேலே வைத்துக்கொண்டு, இரண்டு கையாலும் கீழே அவிழ்த்துக்கொண்டிருந்தார். கூடவே பேசிக்கொண்டிருந்தார், மாட்டிடம். இரும்மா, இரும்மா, அவ்ளோதான், இரும்மா. அந்தக் குரல் எனக்கு இன்னும் அப்படியே காதில் இருக்கிறது. எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. கயிறு விட்டது. செவலை நகரவில்லை.

அண்ணன் இழுத்தான். கத்தினான். அது கொட்டகையைவிட்டு வெளியே வரமாட்டேன் என்று நின்றது, அதற்கு அது வீடு, வெளியே ஆறு. அப்போதுதான் அம்மா படிக்கட்டிலிருந்து கத்தினார், அம்மா அவ்வளவு சத்தமாகக் கத்தி நான் கேட்டதே இல்லை. "இழுக்காதடா! கன்னைத் தூக்கு! கன்னைத் தூக்கிக்கிட்டு முன்னால போ!" அண்ணன் கன்றைத் தோளில் போட்டுக்கொண்டு தண்ணீரில் நடந்தான். செவலை ஒரு தடவை கத்தியது. பின்னாலேயே வந்தது. எதிரே பாதி கட்டி நின்றிருந்த ஒரு கட்டடத்தில் சிமெண்ட் மூட்டை ஏற்றச் சரிவாகப் பலகை அடித்து மண் போட்டிருந்தார்கள், அதில் கன்று முன்னால், தாய் பின்னால் ஏறிவிட்டது.

கருப்பியிடம் திரும்பிப் போகும்போது தண்ணீர் மார்புக்கு வந்துவிட்டது. முடிச்சைத் தொடவே முடியவில்லை. கத்தி வேண்டும் என்று அண்ணன் கத்தினான், நான் சமையலறைக்கு ஓடி இருட்டில் துழாவி ஒரு கத்தியை எடுத்து வந்து படிக்கட்டிலிருந்து நீட்டினேன். அவன் வாங்கிக்கொண்டு திரும்புவதற்குள் கொட்டகையின் பின்சுவர் போய்விட்டது. உள்ளே போகப் பார்த்த பெரியம்மாவை நாலு பேர் பிடித்து இழுத்துக்கொண்டார்கள். விடியும்போது ஆஸ்பெஸ்டாஸ் ஓடு மட்டும்தான் தண்ணீர் மட்டத்துக்குத் தெரிந்தது. மறுநாள் மீனவர்கள் ஃபைபர் படகோடு தெருவுக்குள் வந்து எங்களை எல்லாம் ஏற்றிக்கொண்டு போனார்கள், பெரியம்மா செவலையை விட்டு வரமாட்டேன் என்று அந்தக் கட்டடத்திலேயே இருந்துவிட்டார். அவருக்குத் தண்ணீரும் பிஸ்கட்டும் அவர்கள்தான் படகில் கொண்டுபோய்க் கொடுத்தார்கள்.

அம்மா இந்தக் கதையை இத்தனை வருடத்தில் வாய்திறந்து சொல்லி நான் கேட்டதில்லை. இவளுக்கு இது தெரியவே தெரியாது, அப்போது இவள் வயிற்றில், அண்ணி வேலூரில் அவர் அம்மா வீட்டில் இருந்தார். நேற்று அம்மா சொன்னதும் என்னைப்போல மழைக் கணக்கு, ஏரிக் கணக்கு எல்லாம் இல்லை. முடிச்சு எங்கே இருந்தது, கயிறு எந்தக் கயிறு, கன்று எப்படிக் கத்தியது, அதுதான். நைலான் கயிறாம். தேங்காய் நார்க் கயிறாக இருந்திருந்தாலும் ஊறித் தடித்திருக்கும், அதுவும் சிரமம்தானாம்.

இவள் ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு கேட்டாள். "பாட்டி, அந்த மணல் கடிகாரம் இருந்து மூணு தடவை சுத்தினா கருப்பியையும் அவிழ்க்கலாம்ல?"

நான் வாயைத் திறந்தேன். நடந்ததை அது மாற்றாது, பக்பீக் சாகவே இல்லை, அதனால்தான் காப்பாற்ற முடிந்தது என்று சற்றுமுன் எனக்கு அவ்வளவு அழகாகத் தோன்றிய அந்த விதியைச் சொல்லப்போனேன். நல்லவேளை, அம்மா முந்திக்கொண்டார்.

"சுத்தினா, நான் சாயங்காலமே போயிடுவேன். கத்தியோட. கருப்பியை முதல்ல, அது உள்ளே இருக்குல்ல."

ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. அந்தப் பதில் பத்து வருடமாகத் தயாராக இருந்திருக்கிறது.

மிச்ச அத்தியாயத்தை இன்று சாயங்காலமே படித்துவிட்டோம், ராத்திரிவரை காத்திருக்க யாருக்கும் பொறுமை இல்லை. அம்மா கீரை ஆய்ந்துகொண்டே கேட்டார். ஏரிக்கரை. மனசின் சந்தோஷத்தை எல்லாம் உறிஞ்சிவிடுகிற அஸ்கபான் காவலர்கள், டிமென்டர்கள், குறைந்தது நூறு பேர் சூழ்ந்துகொண்டு நிற்க, அக்கரையில் பழைய ஹாரி மயங்கிச் சரிந்துகொண்டிருக்கிறான், இக்கரையில் புதருக்குப் பின்னால் இந்த ஹாரி, அன்று தன்னைக் காப்பாற்றிய உருவம் வரப்போகிறது, அது செத்துப்போன அப்பாதான் என்று நம்பிக் காத்திருக்கிறான். யாரும் வரவில்லை. இன்னும் வரவில்லை. அப்புறம் சட்டென்று புரிகிறது, தான் பார்த்தது அப்பாவை இல்லை, தன்னைத்தான். வெளியே பாய்ந்து கோலை உயர்த்துகிறான், வெள்ளி மான் புறப்படுகிறது.

இளவயதில் இதைப் படித்தபோது மயிர்க்கூச்செறிந்தது, இன்றும்தான். ஆனால் இன்று எனக்கு வேறொன்று தெரிந்தது. அந்த மானை வரவழைக்க அவனுக்கு முடிந்ததற்குக் காரணம், ஏற்கெனவே செய்துவிட்டோம் என்று அவனுக்குத் தெரியும், அதை அவனே ஹெர்மயனியிடம் சொல்கிறான். தோட்டத்தில் அந்தத் தைரியம் கிடையாது. அங்கே கோடாலிச் சத்தம் கேட்டாகிவிட்டது, பக்பீக் செத்துவிட்டது என்றுதான் அவர்கள் இருவரும் நம்பியிருக்கிறார்கள், இருந்தும் வேலியைத் தாண்டிக் குதித்தான். அதனால்தான் எனக்கு அந்தத் தோட்டம் பெரிது.

அதற்கப்புறம் மேற்குக் கோபுரம், வலப்பக்கத்திலிருந்து 13-வது ஜன்னல், பக்பீக் முதுகில் பறந்து போய், தப்பி மறுபடி பிடிபட்ட அந்தக் கைதி சிரியஸை மீட்பது, கதவு பூட்டப்படுவதற்குள் மூச்சிரைக்க ஓடி வந்து சேர்வது, எல்லாம் மளமளவென்று முடிந்துவிடுகிறது. காப்பாற்றப்பட்ட பக்பீக்தான் சிரியஸைக் காப்பாற்றுகிறது என்பதை இவளே கண்டுபிடித்துச் சொன்னாள். "அதை அவிழ்க்கலேன்னா இதுவும் இல்ல." ஆமாம் என்றேன். இரண்டும் வானத்தில் சிறு புள்ளியாகிப் போனதும் புத்தகத்தை மூடிவிட்டு நேராக அம்மாவிடம் போனாள்.

"பாட்டி, சீக்கிரம் அவிழ்ற மாதிரி முடிச்சு இருக்கா?"

இருக்கிறதாம். ஊரில் மாட்டை அப்படித்தான் கட்டுவார்களாம், மாடு எவ்வளவு இழுத்தாலும் விடாது, ஆள் வால்நுனியைப் பிடித்து ஒரே இழுப்பு இழுத்தால் அவிழ்ந்துவிடும். அம்மா கீரைக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, என் துப்பட்டாவை எடுத்து ஜன்னல் கம்பியில் கட்டிக் காட்டினார். ஒரு சுற்று, பிறகு ஒரு வளையம், வளையத்துக்குள் முழுசாக இழுக்காமல் மடித்து நுழைத்த இன்னொரு வளையம். இவளுக்கு நாலாவது தடவைதான் வந்தது. அப்புறம் கண்ணை மூடிக்கொண்டு கட்டிப் பழகினாள், ஏன் என்று கேட்டதற்குத் தண்ணிக்குள்ள இருந்தா கண்ணு தெரியாதே என்றாள். அம்மா ஒன்றும் சொல்லாமல் அவள் விரலைப் பிடித்து வால்நுனி எங்கே இருக்கவேண்டும் என்று காட்டினார்.

இதை எழுதும்போது மணி பதினொன்று. துப்பட்டா இன்னும் ஜன்னல் கம்பியில்தான் தொங்குகிறது, வால்நுனி வெளியே நீட்டிக்கொண்டு.